பிடிகம்பி, கைத்தடி, சாஷே: முதியவர்கள் விழாமலிருக்க விற்பவற்றில் எது காசுக்குத் தகும்?

சர்ஜிகல் கடைக்குப் போய், "வீட்டில் வயதானவர் இருக்கிறார், பாத்ரூமில் விழாமல் இருக்க என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் மேஜைக்கு வரும் பொருட்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எவர்சில்வர் பிடிகம்பி, அடியில் உறிஞ்சு கிண்ணம் வைத்த விரிப்பு, உயரம் மாற்றும் அலுமினியக் கைத்தடி, கமோடின் மேல் வைக்கும் உயர இருக்கை, இடுப்புக்கு ஒரு பட்டை. பக்கத்து மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி சாஷேவும். இணையக் கடையில் தேடினால் கழுத்தில் மாட்டும் அலாரமும், ஆள் நடந்தால் எரியும் விளக்கும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஆராய்ச்சிச் சான்று எவ்வளவு, நம் வீட்டுச் சுவரிலும் தரையிலும் அது எப்படி நிற்கிறது என்பதுதான் இந்த மதிப்புரை. கம்பெனிப் பெயர்கள் இதில் இல்லை. பெயரை விடப் பொருளின் அளவும் மாட்டும் விதமும்தான் இங்கே பெரிய விஷயம்.

பொருளுக்குள் போகுமுன் ஒரு கணக்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்டீபன் ரொபினோவிச் குழுவினர் முதியோர் இல்லங்கள் இரண்டின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேர் 227 முறை விழுந்ததைப் படமாகவே பார்த்து அலசினார்கள். முடிவு 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. திரும்பும்போதோ அடி எடுத்து வைக்கும்போதோ உடம்பின் பாரத்தைத் தவறாக மாற்றியதால் விழுந்தவை 41 சதவீதம். தடுக்கி விழுந்தவை 21. வழுக்கி விழுந்தவை 3 சதவீதம்தான். பாத்ரூமுக்குள் கேமரா கிடையாது என்பதால் வழுக்கலின் பங்கு இதில் குறைத்துத்தான் தெரியும். நம் ஊர் பாத்ரூம் நாளெல்லாம் ஈரமாகக் கிடக்கும் இடம் வேறு. அப்படியிருந்தும், கடையில் இருக்கும் சரக்கில் பாதி வழுக்கலை மட்டுமே குறிவைப்பது, நோய் ஓர் இடத்தில் இருக்க மருந்து வேறு இடத்தில் போடுகிற கதைதான். ஆகவே இங்கே ஒவ்வொரு பொருளிடமும் கேட்கும் கேள்வி இது: பாரம் தவறும் அந்த நொடியில் கைக்கு உறுதியாக எதையாவது கொடுக்கிறதா? அல்லது அந்த நொடியே வராதபடி காலைத் தேற்றுகிறதா?

பிடிகம்பி

பாத்ரூமுக்கு வாங்க வேண்டிய முதல் பொருள் இதுதான், ஆனால் எல்லோருக்கும் அல்ல. வீட்டுச் சூழலை மாற்றி விழாமல் தடுப்பது பற்றிய 22 ஆய்வுகளை, மொத்தம் 8,463 பேரை, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023-இல் தொகுத்துப் பார்த்தது. அதில் வீட்டிலுள்ள ஆபத்துகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவற்றில் விழும் எண்ணிக்கை 26 சதவீதம் குறைந்தது. கடந்த ஓராண்டில் ஒருமுறை விழுந்தவர்கள், ஆஸ்பத்திரியில் இருந்து அண்மையில் திரும்பியவர்கள், அன்றாட வேலைக்கு ஒருவர் துணை வேண்டியவர்கள் ஆகியோரை மட்டும் எடுத்தால் 38 சதவீதம். நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாளே வீடெங்கும் கம்பி அடிக்கத் தேவையில்லை. முதல் முறை விழுந்த மறுநாள் தள்ளிப்போடவும் கூடாது.

கம்பியின் விட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க அணுகல் தரம் 32 முதல் 51 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. நம் பாட்டிமார்களின் கைக்கு 32-லிருந்து 38 வரை போதும், கட்டைவிரல் சுற்றி வந்து மற்ற விரலைத் தொட வேண்டும். 25 மில்லிமீட்டரில் மெல்லிய தகட்டுக் குழாயாக வருபவை பார்வைக்குப் பிடிகம்பி, உண்மையில் டவல் கம்பி. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 38 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதைவிடக் குறைந்தால் விரல் நுழையாது. அதிகமானால் கை தவறும்போது முன்கை உள்ளே சிக்கி முறியும். விழுந்ததைவிடப் பெரிய காயம் அதில் வரும். மேற்பரப்பு கண்ணாடிப் பளபளப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருப்பதை எடுங்கள். சோப்புக் கையில் பளபளப்பு உதவாது.

அடுத்து உலோகம். "காந்தம் ஒட்டவில்லை பாருங்க, அசல் 304" என்று கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவார். அந்த வித்தையை நம்ப வேண்டாம். விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். உப்பு போர் தண்ணீர் பட்டால் சில மாதங்களில் பழுப்புப் புள்ளி விழும். முதலில் விழுவது குழாயும் சுவரில் உட்காரும் வட்டத் தகடும் சேரும் பற்றவைப்பில், அதாவது முழு எடையும் தாங்க வேண்டிய இடத்தில். பில்லில் "எஸ்.எஸ். 304" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

பெட்டியில் "150 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பது கம்பியைப் பற்றிய செய்தி. உங்கள் சுவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்கத் தரம் கேட்பது 250 பவுண்டு, சுமார் 113 கிலோ. அதுவும் மாட்டிய பிறகு, சுவரும் திருகும் சேர்ந்து தாங்க வேண்டிய அளவு. நம் வீட்டில் கோட்டை விடும் இடம் இதுதான். டைல்ஸ் 8 முதல் 10 மில்லிமீட்டர். அதன் பின்னால் சிமெண்டுக் கலவையும் பூச்சும் சேர்ந்து இன்னும் 25, 30 மில்லிமீட்டர் இருக்கும். பெட்டியோடு வரும் திருகு 40 மில்லிமீட்டர். கூட்டிப் பாருங்கள்: திருகின் நுனி செங்கல்லைத் தொட்டால்தான் உண்டு. பிளாஸ்டிக் பிளக் ஏறக்குறைய முழுவதும் பூச்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஈரத் துண்டைத் தாங்கும். 60 கிலோ ஆள் தடுமாறி இழுத்தால் பிளக், பூச்சு, பாதி டைல் எல்லாம் கையோடு வரும்.

அதனால் 8 மில்லிமீட்டர் தடிமனில் குறைந்தது 75 மில்லிமீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத திருகும், அதற்கேற்ற நீள பிளக்கும் தனியாக வாங்க வேண்டும். டைல்ஸ் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹேமர் முறையை அணைத்துவிட்டு, டைல்ஸ் பிட்டால் மெதுவாகத் துளைக்கச் சொல்லுங்கள். டைல்ஸைத் தாண்டிய பிறகுதான் ஹேமர். துளையில் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கை அடித்தால் பிளக் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், செங்கல்லை அல்ல. ஒரு மாதத்தில் ஆடத் தொடங்கும். எடை குறைந்த வெள்ளைக் கல், அதாவது ஏ.ஏ.சி. பிளாக் சுவரிலும் ஹாலோ பிளாக் சுவரிலும் சாதாரண பிளக் நிற்காது. துளைக்குள் ரசாயனப் பசை செலுத்தி ஆணி இறக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் வழி. புது அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் சுவர் எதனால் கட்டியது என்று பில்டரிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கட்டும். குழாய்க்கும் கீசருக்கும் நேர் மேலும் நேர் கீழும் துளைக்கக் கூடாது, உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும். கடைசியாக, வட்டத் தகட்டைச் சுற்றி சிலிக்கான் பூசினால்தான் திருகின் வழியே தண்ணீர் இறங்காது.

சோதிப்பது பெரியவரை வைத்து அல்ல. கெமிக்கல் ஆங்கர் என்றால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் காய்ந்த பின், வீட்டிலேயே கனமான ஆள் கம்பியைப் பிடித்து, முழங்காலை மடக்கி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். தகட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவு அசைந்தாலும் கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் நிக்கும் சார்" என்கிற பதிலுக்குக் கூலி கொடுக்காதீர்கள்.

எங்கே, எப்படி? உட்கார்ந்து எழுவதற்குப் படுக்கைவாட்டில், கமோடின் பக்கச் சுவரில். நின்று திரும்புவதற்கும் படி தாண்டுவதற்கும் நிமிர்ந்தவாட்டில், பாத்ரூம் நிலைப்படி ஓரம் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. சாய்வாக மாட்டினால் பார்க்க அழகுதான். ஈரக்கை அதன் வழியே சறுக்கிக் கீழே போகும். அமெரிக்கத் தரத்தில் படுக்கைவாட்டுக் கம்பியின் உயரம் தரையிலிருந்து 84 முதல் 91 சென்டிமீட்டர். 145 சென்டிமீட்டர் உயரமுள்ள பாட்டி உட்கார்ந்திருக்கும்போது அது தோளுக்குப் பக்கத்தில் போய்விடும். அவரையே கமோடில் உட்காரவைத்து, எழும்போது கை இயல்பாகப் போகும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். பக்கச் சுவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் கம்பி வீண். கமோடைச் சுற்றி நான்கு காலில் நிற்கும் சட்டம் வாங்குவது மேல்.

வெற்றிட உறிஞ்சில் ஒட்டும் கம்பிகளும் விற்கிறார்கள். துளை போட வேண்டாம், வாடகை வீட்டுக்கு ஏற்றது என்பது விளம்பரம். சொரசொரப்பான டைல்ஸில் அது ஒட்டாது, இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேல் காற்று புகும், வழவழப்பான டைல்ஸில் ஒட்டினாலும் பிடி எப்போது விடும் என்று முன்கூட்டித் தெரியாது. இல்லாத கம்பியைவிட நம்பிக் கைவைத்த பின் கழன்று வரும் கம்பி மோசம். வேண்டாம்.

வாளியும் விரிப்பும்

மேல்நாட்டுக் கையேடுகளில் காணாத ஓர் ஆபத்து நம் பாத்ரூமில் உண்டு: தரையில் வைத்த வாளி. குனிந்து சொம்பில் மொண்டு, நிமிர்ந்து தலையில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி குனிவது. பாரம் இடம் மாறுவதும் தலை சுற்றுவதும் ஈரத் தரையும் ஒரே நேரத்தில் சேரும் இடம் அது. வாளியை 40, 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மேடையில் வைத்து, உட்கார்ந்து குளித்தால் இதில் பெரும்பகுதி தீரும். உட்கார பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம். ஈரத்தில் அதன் கால்கள் அகன்று விரியும். நான்கு காலிலும் ரப்பர் புஷ் போட்ட, இருக்கையில் தண்ணீர் வடியத் துளையுள்ள குளியல் நாற்காலி சர்ஜிகல் கடைகளிலேயே கிடைக்கும். பாத்ரூம் சாமான்களில் கொடுத்த காசுக்கு அதிகம் திரும்பக் கிடைப்பது பிடிகம்பிக்கு அடுத்து இதில்தான்.

உறிஞ்சு கிண்ணம் வைத்த பி.வி.சி. விரிப்பு வழவழப்பான தரைக்கென்று செய்தது. நம் வீடுகளில் பாத்ரூமுக்கு ஏற்கெனவே சொரசொரப்பு டைல்ஸ்தான். கிண்ணங்கள் அதில் பிடிக்காது, விரிப்பு முழுதாக நகரும். பிடித்தாலும் அடியில் சோப்புக் கறையும் உப்பும் படிந்து இரண்டே வாரத்தில் பாசி கட்டும். வாங்கியே தீர வேண்டுமானால் குளித்து முடித்ததும் எடுத்துத் தொங்கவிட வேண்டும். எடுக்க யார் குனிவது என்பது அடுத்த கேள்வி. தரையை மாற்றும் யோசனை இருந்தால் "ஆன்டி ஸ்கிட்" என்கிற வாய்ச்சொல்லோடு நிற்காமல், ஆர் 10-ஆ ஆர் 11-ஆ என்று பெட்டியைப் பார்த்துக் கேளுங்கள். அந்த எண் எண்ணெய் பட்ட சரிவுப் பலகையில் காலணியோடு நடந்து அளந்தது. வெறுங்கால் ஈரத் தரைக்கு ஏ, பி, சி என்று தனி அளவு உண்டு; குளிக்கும் இடத்துக்கு பி-யாவது இருக்கட்டும். டைல்ஸ் மேல் தடவும் வழுக்குத் தடுப்புத் திரவம் பளபளப்புப் பூச்சை லேசாக அரித்துச் சொரசொரப்பாக்குகிறது. அமிலம் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். முதலில் மூலையில் ஒரு டைல்ஸில் தடவிப் பாருங்கள்.

கைத்தடி

பழுது கண்ணுக்குத் தெரியும் பொருள் இது, பார்ப்பவர்தான் குறைவு. தடியின் அடியிலிருக்கும் ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். வட்ட வட்டமாக வரிகள் இருக்கும். அவை தேய்ந்து நடு மொழுக்கென்று ஆகிவிட்டால் கிரானைட் தரையில் அந்தத் தடி சோப்புக் கட்டி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தடி சாய்வாக ஊன்றப்படுகிறது, பெரும்பாலும் உயரம் சரியில்லை என்று பொருள். நல்ல புஷ்ஷுக்குள் ஓர் இரும்பு வாஷர் இருக்கும். அது இல்லாததில் அலுமினியக் குழாயின் விளிம்பு ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஒருநாள் வெறும் குழாயே தரையைத் தொடும். புஷ் தளர்வாக இருக்கிறதென்று உள்ளே துணி சுற்றித் திணிக்காதீர்கள். குழாயின் விட்டத்தைச் சொல்லிச் சரியான அளவு கேளுங்கள். தடி வாங்கும்போதே இரண்டு புஷ் கூடுதலாக வாங்கிவிடுவது நல்லது. சில பத்து ரூபாய் சமாசாரம்.

உயரத்துக்கு: வீட்டில் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். தடியின் பித்தான் துளையில் முழுசாக வெளியே வந்திருக்க வேண்டும், அதற்குக் கீழுள்ள வளையத்தை இறுக்காவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் டக்கென்று சத்தம் வரும். தடியைப் பிடிப்பது வலிக்கிற காலுக்கு எதிர்ப்புறக் கையில். பலர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள், வலிக்கிற பக்கத்துக்குத் தாங்கல் கொடுப்பதுதானே இயல்பாகத் தோன்றும். வலது முழங்கால் வலித்தால் இடது கையில் தடி. தடியும் வலது காலும் சேர்ந்து முன்னே, பிறகு இடது கால். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில்.

நாலுகால் தடி தானாக நிற்கும், கடையில் பார்த்தால் உறுதியாகத் தெரியும். நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டால்தான் அந்த உறுதி. குறுகிய படிக்கட்டில் இரண்டு கால் படியிலும் இரண்டு கால் அந்தரத்திலும் நிற்கும். அடித்தட்டின் நேரான பக்கம் உடம்பை நோக்கி, விரிந்த பக்கம் வெளியே. திருப்பிப் பிடித்தால் விரிந்த கால் சொந்தக் காலையே தடுக்கும். கை மாறும்போது அடித்தட்டையும் திருப்பி மாட்ட வேண்டும் என்பதைக் கடையில் அநேகமாகச் சொல்லமாட்டார்கள். மடக்கும் தடி பயணத்துக்கு மட்டும்.

வாக்கர் வாங்குமுன் பாத்ரூம் கதவை அளந்துகொண்டு போங்கள். இரண்டரை அடிக் கதவு என்று பெயர், நிலையும் கதவின் தடிமனும் போக உள்ளே கிடைக்கும் வழி அதைவிடக் குறுகல். பல வாக்கர்கள் அதில் நுழையாது. நுழையாத வாக்கரை வெளியே விட்டுவிட்டு, கடைசி நான்கு அடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வீடுகளில் நடப்பது. எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து பிறகு வாக்கரைப் பிடிக்க வேண்டும்.

இடுப்புக் கவசம்

பந்துக்கிண்ண மூட்டின் பக்கவாட்டில் வரும் கடினமான மூடியோ நுரைப் பட்டையோ தைத்த உள்ளாடை இது. விழுவதைத் தடுக்காது, விழுந்தால் அடியைப் பரப்பிவிடும். பின்லாந்தில் 1,801 பேரை வைத்து நடந்து 2000-இல் வெளியான ஆய்வில் இடுப்பு முறிவு 60 சதவீதம் குறைந்தது. அப்போது பெரிய பேச்சு. பின்னால் வந்த ஆய்வுகளையும் சேர்த்துக் கொக்ரேன் 2014-இல் பார்த்தபோது முதியோர் இல்லங்களில் சிறிதளவு பலன், சொந்த வீட்டில் இருப்பவர்களுக்குப் பலன் தெரியவில்லை என்று வந்தது. காரணம் எளிது, போட்டுக்கொள்ளமாட்டார்கள். வியர்வைக் காலத்தில் புடவைக்கும் வேட்டிக்கும் அடியில் இறுக்கமான பட்டை, இரவில் அவசரமாகச் சிறுநீருக்கு எழும்போது கழற்ற முடியாத சிரமம். படுக்கையிலிருந்து அடிக்கடி எழுந்து விழும், ஆள் துணையோடு இருக்கும் பெரியவருக்கு வேண்டுமானால் பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: கேட்டால் முதுகுவலி இடுப்பு பெல்ட்டை எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. அது முற்றிலும் வேறு பொருள்.

சாஷேவும் மாத்திரையும்

வாரம் ஒரு சாஷே, 60,000 யூனிட், பாலில் கலக்கிக் குடி என்று எழுதிக் கொடுப்பது பரிசோதனையில் குறைபாடு தெரிந்தவருக்கு, பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாங்கிக் குடிப்பது வேறு. சூரிச் நகரில் முன்பே ஒருமுறை விழுந்த 70 வயதுக்கு மேற்பட்ட 200 பேரிடம் செய்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மாதம் 60,000 யூனிட் எடுத்தவர்களில் 66.9 சதவீதம் பேர் அந்த ஆண்டில் விழுந்தார்கள். மாதம் 24,000 எடுத்தவர்களில் 47.9. ஆஸ்திரேலியாவில் 2,256 பெண்களிடம் நடந்த ஆய்வில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒரே தவணையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தபோது, 2010-இல் வந்த முடிவு: விழுவதும் கூடியது, முறிவும் கூடியது. தினம் 2,000 யூனிட் கொடுத்து அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்தாண்டுக்கு மேல் நடந்த ஆய்வில், 2022-இல், முறிவு குறையவில்லை. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களின் கதை தனி: பிரான்சின் முதியோர் இல்லங்களில் 3,270 பெண்களிடம் நடந்த ஆய்வில் தினம் 800 யூனிட்டும் 1.2 கிராம் கால்சியமும் எடுத்தவர்களுக்கு இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது, அது 1992. குறை இருப்பவருக்குக் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தால் பலன், மொத்தமாகக் கொட்டினால் கெடுதல்.

ஏற்கெனவே ஓர் எலும்பு முறிந்தவர் கேட்க வேண்டியது கால்சியத்தை அல்ல, எலும்பரிப்புக்கான மருந்தை. இடுப்பு முறிந்து அறுவை முடிந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் 5 மில்லிகிராம் சோலெட்ரோனிக் அமிலம் புதிய முறிவுகளை 35 சதவீதமும் சாவை 28 சதவீதமும் குறைத்தது என்று 2007-லேயே தெரியும். தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பும் டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த மருந்து பல நேரம் இருப்பதில்லை. சிறுநீரகம் நன்றாக இயங்குகிறதா என்று பார்த்துத்தான் போடுவார்கள். வாரம் ஒரு மாத்திரையாக அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் கொடுத்தால், காலை வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு போட்டால் மருந்து உடம்பில் சேராது, உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

கணுக்கால் எடைப்பை

கடையில் கடைசி அடுக்கில், விளையாட்டுச் சாமான்களோடு கிடக்கும். இந்த மதிப்புரையில் முதல் மதிப்பெண் அதற்கு.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கேம்பெல், கிளேர் ராபர்ட்சன் குழுவினர் வகுத்த வீட்டுப் பயிற்சிமுறை 1997-இல் 80 வயது தாண்டிய 233 பெண்களிடம் சோதிக்கப்பட்டது. பின்னர் நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் விழுவதும் அதனால் காயம்படுவதும் 35 சதவீதம் குறைந்திருந்தன. 2019-இல் கொக்ரேன் 108 ஆய்வுகளை, 23,407 பேரைக் கூட்டியபோது பொதுவாக உடற்பயிற்சியால் விழுவது 23 சதவீதம் குறைந்தது. அதிலும் சமநிலைப் பயிற்சிக்கே பலன். வெறும் வாக்கிங் விழுவதைக் குறைக்கும் என்பதற்குச் சான்று பலமாக இல்லை. மெரினாவில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் வீட்டுக்குள் திரும்பும்போது விழுவது இதனால்தான் புதிரல்ல.

பயிற்சிக்குத் தேவையானது வெல்க்ரோ பட்டையுள்ள எடைப்பை ஒரு ஜோடியும், கைவைத்த கனமான நாற்காலி ஒன்றும். எடையை மாற்றிக்கொள்ளும்படி சிறு பொட்டலங்கள் செருகும் பையாக வாங்குங்கள். எட்டுப் பத்து முறை தூக்கினால் கால் சலிக்கும் எடைதான் ஆரம்ப எடை, அது அரைக் கிலோவாக இருந்தாலும் சரி. உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது, நின்று முழங்காலைப் பின்னால் மடக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்து முறை. இரண்டு பத்து சிரமமில்லாமல் வந்தால் எடையைக் கூட்டுவது. எடையில்லாமல் குதிகாலைத் தூக்கி நிற்பது, விரல்நுனியைத் தூக்கி நிற்பது. பிறகு சமநிலை: ஒரு காலின் குதி மறு காலின் விரலைத் தொடும்படி நிற்பதும் நடப்பதும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. வாரம் மூன்று நாள், அரைமணி, அதோடு இரண்டு நாள் நடை. நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும். பிடித்துக்கொண்டே செய்வது முதல் படி, பிடிக்காமல் செய்வது அடுத்த படி. பிடியை விடாமலே மாதக்கணக்கில் செய்தால் சமநிலை தேறாது. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துத் தொடங்கிவைப்பது அவசியம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் இயன்முறைச் சிகிச்சையும் அடக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஸ்டாப்வாட்ச் போதும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு. மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள்.

மற்றவை

கழுத்து அலாரம் விழுவதைத் தடுப்பதில்லை, விழுந்த பின் நெடுநேரம் தரையில் கிடப்பதைக் குறைக்க வந்தது. கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களைப் பின்தொடர்ந்து 2008-இல் வந்த ஆய்வில், தனியாக விழுந்து எழ முடியாமல் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அலாரம் இருந்தும் அதை அமுக்கவில்லை. குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போகும் அலாரம் வேண்டாம். தண்ணீர் புகாததாக, தூங்கும்போதும் உறுத்தாததாக இருந்தால் பார்க்கலாம். ஆள் நடந்தால் எரியும் விளக்கு மலிவு, பயனுள்ளது. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை முழங்கால் உயரத்தில் இரண்டு அல்லது மூன்று வையுங்கள், பேட்டரி மாற்றும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். கமோட் உயர இருக்கை பக்கவாட்டில் திருகி இறுக்குவதாக இருக்க வேண்டும்; வெறுமனே உட்கார்ந்திருப்பது உடம்பு சாயும்போது தானும் சாயும்.

காசே இல்லாத இரண்டு பொருட்கள் வீட்டிலேயே இருக்கின்றன. ஒன்று மருந்து டப்பா. 93 பேரிடம் நடந்த 1999 ஆய்வில், தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை போன்றவற்றைப் படிப்படியாக நிறுத்தியவர்களிடம் விழுவது 66 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆய்வு முடிந்ததும் பாதிப்பேர் வரை மாத்திரைக்கே திரும்பிவிட்டார்கள். தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டு மெல்ல மெல்ல. இன்னொன்று பி.பி. கருவி: ஐந்து நிமிடம் படுத்தபின் ஒருமுறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் எண் 10-ம் அதற்கு மேலும் இறங்கினால் பி.பி. மருந்தைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் அது.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள மூத்த குடிமக்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி, கண்ணாடி முதலியவை முகாம்களில் இலவசமாகக் கிடைக்கும். முகாம் தேதிகளையும் தகுதியையும் 14567 என்கிற முதியோர் உதவி எண்ணில் விசாரிக்கலாம். தடி கைக்கு வந்ததும் அங்கேயே மணிக்கட்டுக்கு வைத்து உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் புஷ்ஷைக் கழற்றி, உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள்.